கரைச்சல் என்றால் என்ன என்று ஒருமுறை கேளுங்கள்

தஞ்சம் கேட்டு வரும் எங்கள் பெண்களின் நேர்காணல்களில் மொழிபெயர்க்க உட்காரும் தமிழர்களுக்கு,

வணக்கம். திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் லண்டனில் இருப்பீர்கள், பாரிசில் இருப்பீர்கள், பேர்னிலோ டொரன்டோவிலோ இருப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் வாயால் போன வசனங்கள் காகிதத்தில் ஏறித் திரும்பி என் மேசைக்கு வருகின்றன, அதனால் ஒரு வகையில் உங்களை நன்றாகவே தெரியும்.

நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். பதினெட்டு வருடமாக இதுதான் வேலை. ஒரு மேசை, ஒரு முத்திரை, மழை பெய்தால் ஒரு மூலையில் ஒழுகும் அறை. பிறப்பு அத்தாட்சி, விவாக அத்தாட்சி, மரண அத்தாட்சி, விதானையாரின் (கிராம அலுவலரின்) கடிதம், பொலிஸ் என்ட்ரியின் பிரதி, கிளினிக் கொப்பி, இவ்வளவையும் ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுப்பேன். உங்கள் வேலையில் பாதி எனக்குத் தெரியும். மற்றப் பாதி, அதாவது ஆளை எதிரில் வைத்துக்கொண்டு அவள் மூச்சு விடுவதற்குள் வாய்க்கு வாய் மாற்றுவது, எனக்கு வராது. அதைச் செய்கிறவர்கள்மேல் மரியாதை உண்டு. கோபமும் உண்டு. இரண்டையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

போன மாசியில் மூதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா காலை பஸ்ஸில் வந்தார். மகள் வெளிநாட்டில் கேஸ் போட்டிருக்கிறாள், ரிஜெக்ட் ஆகிவிட்டது, அந்தக் கடிதத்தை வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாள். அம்மா அதைக் கொம்யூனிகேஷன் கடையில் பிரின்ட் எடுத்து, சாறிக் கடைப் பை ஒன்றுக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். பதினான்கு பக்கம், அதில் இரண்டு பக்கம் மங்கல். வாசித்துச் சொல்லச் சொன்னார். நான் வாசித்தேன். ஆறாம் பக்கத்தில், படைவீரர்கள் தன்னைத் தொந்தரவு செய்ததாக விண்ணப்பதாரி சொல்கிறார், அந்தத் தொந்தரவு துன்புறுத்தல் என்ற அளவுக்குப் போகவில்லை என்று இருந்தது. (ஊரையும் இன்னும் சிலவற்றையும் மாற்றியிருக்கிறேன், அந்தப் பிள்ளையைத் தேட வேண்டாம்.)

அம்மா, "தொந்தரவா?" என்று கேட்டார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு சொன்னார்: "அவள் கரைச்சல் குடுத்தவங்கள் எண்டுதான் சொல்லியிருப்பாள். எனக்கும் அப்பிடித்தான் சொன்னவள். எனக்கு விளங்கினது."

உங்களுக்கும் விளங்கியிருக்கும் என்பதுதான் என் சந்தேகம். மகளின் பக்கத்தில் அன்றைக்கு இருந்தவர் யார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் எழுதமாட்டேன். ஆனால் இருபது வருடம் இலங்கைத் தமிழ் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு, ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டு, இரவில் காம்ப்புக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கரைச்சல் குடுத்தவங்கள் என்று சொன்னால், அது பஸ்ஸில் பக்கத்து சீட்காரன் கொடுக்கும் கரைச்சல் இல்லை என்று விளங்காமல் போகுமா? விளங்கியும், அகராதியில் முதலில் வரும் சொல்லை எடுத்து வைத்துவிட்டுக் கடந்து போயிருக்கிறார். அவருக்கும் கூச்சமாக இருந்திருக்கலாம். ஒரு அந்நிய அதிகாரி முன்னால் நம் பிள்ளையைப் பற்றி அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டுமே என்று நினைத்திருக்கலாம். மானத்தைக் காப்பாற்றிவிட்டார். கேஸ் போய்விட்டது.

எங்கள் பெண்கள் இதற்கு நேரான சொல்லைப் பாவிப்பதே இல்லை. பாலியல் வன்புணர்வு என்பது பத்திரிகைச் சொல். அதை வாயால் சொன்ன ஒரு பெண்ணையும் இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. பழுதாக்கிப் போட்டாங்கள் என்பார்கள். கெடுத்துப் போட்டாங்கள் என்பார்கள். பிழையா நடந்தவங்கள், சேட்டை விட்டவங்கள், இரவு முழுக்க வைச்சிருந்தவங்கள். சிலர் "அதுக்குப் பிறகு எனக்கு ஒண்டும் தெரியாது" என்று மட்டும் சொல்லிவிட்டு மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். யுத்தம் முடிந்த பிறகும், புருஷன் காணாமல் போன வீட்டுக்கு, "அந்தப் பெரியவர் இடைக்கிடை வந்து போறவர்" என்று ஒரு வசனம் உண்டு. வந்து போறவர். இதை அப்படியே மாற்றினால் என்ன வரும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். யாரோ மரியாதையான மனிதர் சுகம் விசாரிக்க வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனதுபோல் இருக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து போய் இந்த வேலை செய்கிறவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. எங்களுக்குப் பேசுவது என்றால் ஏசுவது. கதைப்பதுதான் உங்கள் பேசுவது. "விசாரணையில பேசினவங்கள்" என்று ஒரு பெண் சொன்னால் அவளைக் கேவலமான வார்த்தைகளால் திட்டினார்கள் என்று பொருள். அதிகாரிகள் அவளோடு உரையாடினார்கள் என்று ஒரு பதிவில் என் கண்ணாலேயே பார்த்தேன். சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

சரி, ஒரு சொல்லில் இவ்வளவு என்ன இருக்கிறது, வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று நினைப்பீர்கள். வக்கீலுக்குக் கிடைப்பது நீங்கள் கொடுத்த சொல்தான். அந்தச் சொல்லைத்தான் சட்டத்துக்குள் பொருத்திப் பார்க்கிறார்கள், அந்தச் சட்டமோ ஏற்கனவே பெண்களுக்கு இறுக்கமான சட்டை. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் ஐந்து காரணங்கள்தான் இருக்கின்றன: இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து. பெண் என்பதற்காகத் துன்புறுத்தப்படுவது அந்தப் பட்டியலில் இல்லை. எழுதியவர்கள் மனதில் இருந்தது மேடையில் பேசிவிட்டு ஓடிவந்த ஆண்தான் என்று நினைக்கிறேன். வீட்டுக்குள் நடந்ததையோ, காம்ப்பின் பின் அறையில் நடந்ததையோ அவர்கள் யோசிக்கவில்லை.

அந்தச் சட்டைக்குக் கை வைத்துத் தைக்கப் பல வருடம் எடுத்தது. 1985இல் ஐ.நா. அகதிகள் முகவரகத்தின் நிறைவேற்றுக் குழு, ஊர் வழக்கத்தை மீறினார்கள் என்று கொடுமைக்கு ஆளாகும் பெண்களை ஒரு சமூகக் குழுவாக எடுத்துக்கொள்ள விரும்பும் நாடுகள் எடுத்துக்கொள்ளலாம் என்றது. எடுக்கலாம், அவ்வளவுதான். 1993இல் கனடா பெண்களின் தஞ்சக் கேஸ்களுக்கென்று தனி வழிகாட்டி கொண்டுவந்தது. 1999இல் லண்டனில், அப்போது நாட்டின் அதியுயர் நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, கணவன்மாரால் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டு, நடத்தை சரியில்லை என்ற பழியோடு நின்ற இரண்டு பாகிஸ்தான் பெண்களின் வழக்கில், அந்த நாட்டுப் பெண்கள் ஒரு சமூகக் குழுதான் என்று தீர்த்தது. 2002இல் ஐ.நா. முகவரகம் விரிவான வழிகாட்டியே போட்டது. 2024 தையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், துருக்கியிலிருந்து பல்கேரியா போன ஒரு குர்திஷ் பெண்ணின் வழக்கில், ஒரு நாட்டின் பெண்கள் முழுப்பேரையும்கூட ஒரு குழுவாகக் கொள்ளலாம், வீட்டு வன்முறைக்குப் பயந்து வந்தவளுக்கும் அகதி அந்தஸ்து கிடைக்கலாம் என்றது. அதே வருடம் ஐப்பசியில் ஆப்கான் பெண்கள் விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், அவள் பெண், அவள் ஆப்கான் என்பதே போதும் என்ற அளவுக்குச் சொன்னது. சுவிஸ் காரருக்குச் சட்டத்திலேயே ஒரு வரி இருக்கிறது, பெண்களுக்கே உரிய காரணங்களைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று.

இத்தனை பேர் இத்தனை வருடம் வாதாடிப் பெற்றுக் கொடுத்த இடத்தில் எங்கள் மூதூர்ப் பிள்ளை போய் உட்காருகிறாள். அவள் சொன்னது தொந்தரவாகிறது.

வீட்டு வன்முறைக் கேஸ்களில் இது இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே மூடும் சொல்லைப் பெண்ணே எடுத்துத் தருவாள். "குடும்பப் பிரச்சினைதான்" என்று தொடங்குவாள். கணவன் கையை முறித்திருப்பான், மண்ணெண்ணெய் ஊற்றியிருப்பான், அதற்கும் பெயர் குடும்பப் பிரச்சினை. "வாழாவெட்டி எண்டு சொல்லுவினம்" என்று ஒருத்தி சொன்னதைப் பிரிந்து வாழ்பவள் என்று மாற்றியிருந்தார்கள். பிழையென்று சொல்ல முடியாது, அகராதிப்படி சரி. ஆனால் வாழாவெட்டி என்ற சொல்லுக்குள் அவள் தகப்பன் வீட்டு வாசலில் கிடைக்கப்போகும் வரவேற்பு இருக்கிறது, தங்கையின் கல்யாணம் குழம்புவது இருக்கிறது, கோயிலில் யார் பக்கத்தில் நிற்பார்கள் யார் விலகுவார்கள் என்பது இருக்கிறது. ஒரு சமூகம் இவளை எப்படிப் பார்க்கிறது என்பதைத்தானே அந்தச் சமூகக் குழு வாதம் முழுக்கக் கேட்கிறது? அதற்கான சாட்சி ஒரே சொல்லில் வந்தது, நீங்கள் அதைத் துடைத்துவிட்டுக் கொடுத்தீர்கள்.

பொலிசுக்குப் போகலாமே என்று அதிகாரி கேட்பார். இலங்கையில் 2005இலிருந்து வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறதே என்று ஒரு அறிக்கையைக் காட்டுவார். நீதிமன்ற உத்தரவால் பிரிந்திருந்தாலொழிய, மனைவியை வல்லுறவு செய்வது எங்கள் தண்டனைச் சட்டத்தில் இன்றைக்கும் குற்றமில்லை என்பதை அவருக்கு யார் சொல்வது? அது வக்கீலின் வேலை, உங்களுடையது இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவள் "போனனான், சிங்களத்தில எழுதினவங்கள், என்ன எழுதினவங்கள் எண்டு தெரியாமல் சைன் வைச்சனான்" என்று சொன்னால், அதைப் புகார் கொடுத்தார் என்று சுருக்காதீர்கள். அந்த முழு வசனமும் போகட்டும்.

அப்புறம், உங்கள் வாயிலிருந்து வரும் அந்த முதல் கேள்வி. அதிகாரி கோப்பை எடுக்க எழுந்து போவார், அல்லது கணினி வேலை செய்யாது, இரண்டு நிமிடம் கிடைக்கும். "திருகோணமலையில எவடம்?" என்று கேட்பீர்கள். அன்பாகத்தான் கேட்பீர்கள், நம் ஊர்ப் பிள்ளையைக் கண்ட சந்தோஷத்தில். உவர்மலையா, பாலையூற்றா, அன்புவழிபுரமா? சம்பூரா? அங்கே ஆற்ற மகள்? இது நமக்குப் பழக்கம். ஆனால் அந்தக் கேள்வியோடு அவள் வாய் பூட்டிக்கொள்ளும். இடம் சொன்னால் சாதி தெரியும், சாதி தெரிந்தால் சொந்தம் தெரியும், சொந்தம் தெரிந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்குள்ள கோயில் அன்னதானத்தில் இருந்து இங்கே மாமியார் காதுக்கு இரண்டு நாள் போதும். என்னிடம் வந்த ஒரு பெண்ணின் தங்கை முதல் நேர்காணலில் எதையும் சொல்லாமல் இரண்டாவதில் சொன்னாள். முதலில் ஏன் சொல்லவில்லை, இப்போது சேர்த்துச் சொல்கிறீர்கள், நம்பமுடியாது என்று எழுதிவிட்டார்கள். அவள் அக்காவிடம் போனில் சொன்ன காரணம்: "அந்த அண்ணை எங்கட பெரியப்பாவைத் தெரியும் எண்டவர்."

பெண் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கும் உரிமை அவளுக்கு இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். 2002 வழிகாட்டியில் இருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தின் நடைமுறைச் சட்டத்தில் முடிந்தவரை கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது, இங்கிலாந்தின் உள்துறை வழிகாட்டியிலும் இருக்கிறது. அவளுக்குத் தெரியாது. ஏதோ ஒரு படிவத்தில் ஏதோ ஒரு கட்டத்தில் கேட்டிருப்பார்கள், கூட வந்த மைத்துனர் அவசரத்தில் எதையோ நிரப்பியிருப்பார். அண்ணைமாரே, தம்பிமாரே, அவள் தடுமாறுகிறாள் என்று தெரிந்தால் அதிகாரியிடம் நீங்களே சொல்லலாம், இவருக்குப் பெண் ஒருவர் இருந்தால் நல்லது போலிருக்கிறது என்று. அன்றைய சம்பளம் போகும். போகட்டுமே.

அதற்காகப் பெண் என்றால் போதும் என்றும் நான் நம்பவில்லை. கணவன் அடித்தான் என்று சொல்லும்போது உதட்டைச் சுழித்த அன்ரிமாரைப் பற்றியும் கேள்விப்பட்டிருக்கிறேன். "எல்லா வீட்டிலயும் இருக்கிறதுதானே பிள்ளை" என்று இடையில் ஒரு ஆறுதல் வேறு.

கணவனோடு சேர்ந்து போனவர்களின் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். கேஸ் அவர் பெயரில், அவள் வெறும் இணைப்பு. அவர் இயக்கத்துக்கு மோட்டர் திருத்திக் கொடுத்த கதை பத்துப் பக்கம், அவளிடம் ஐந்து கேள்வி. அவளைத் தனியே வைத்து விசாரிக்க வேண்டும், அவளுக்கென்று தனிக் கேஸ் போடலாம் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் வழிகாட்டியில் இருக்கிறது. கணவனுக்குத் தெரியாத ஒன்றை அவள் இருபது வருடமாக வைத்திருப்பாள். அது வெளியே வந்தால் கேஸ் வெல்லும், குடும்பம் போகும் என்று அவள் கணக்குப் போடுவாள். நீங்கள் வெளியே வந்து வராந்தாவில் அவரோடு சிகரெட் பிடித்துக் கதைப்பதை அவள் கண்ணாடியால் பார்த்தால், அந்தக் கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

திகதி விஷயம் ஒன்று. எங்கள் பெண்கள் திகதி வைத்திருப்பதில்லை. சுனாமிக்கு அடுத்த வருசம், பத்திரகாளி அம்மன் கோயில் கொடியேறின கிழமை, மூத்தவள் சாமத்தியப்பட்டு மூன்று மாசத்தில் என்றுதான் வரும். சம்பூர்க்காரரை எடுங்கள். 2006 சித்திரையில் குண்டு விழுந்து வெளிக்கிட்டவர்கள், ஓடி ஓடி, கிளிவெட்டி முகாம் போன்ற இடங்களில் கொட்டிலில் கிடந்து, 2015க்குப் பிறகுதான் சொந்த மண்ணைப் பார்த்தார்கள். அந்தப் பத்து வருடத்தில் எது எந்த மாதம் நடந்தது என்று கேட்டால் என்ன சொல்வாள்? நீங்கள் உதவி என்று நினைத்துக் கொடியேற்றத்தை ஒரு மாதமாக்கிக் கொடுப்பீர்கள். அடுத்த நேர்காணலில் வேறு ஒருவர் வேறு மாதமாக்குவார். இரண்டும் ஒத்துவரவில்லை, பொய் சொல்கிறாள் என்று முடியும். கோயில் கொடி என்று சொன்னால் கோயில் கொடி என்றே கொடுங்கள். எந்த மாதம் என்று அதிகாரி பஞ்சாங்கம் பார்க்கட்டும்.

அழாமல் சொல்கிறவர்களைப் பற்றியும் ஒன்று. அந்த 2002 வழிகாட்டியில் எனக்குப் பிடித்த வரி, அவள் எவ்வளவு உணர்ச்சியைக் காட்டுகிறாள் என்பதை வைத்து அவளை நம்புவதா இல்லையா என்று முடிவெடுக்கக் கூடாது என்பது. எங்கள் ஊரில் மிகப் பெரிய விஷயங்களைப் பெண்கள் சோறு பரிமாறும் குரலில்தான் சொல்வார்கள். நீங்களும் அதே குரலில் கொடுத்தால் போதும். அழுகையைச் சேர்க்க வேண்டாம்.

இதைச் சொன்னால் இன்னொரு பக்கம் சாய்வார்களே என்ற பயமும் எனக்கு உண்டு. கரைச்சல் என்றாலே வன்புணர்வு என்று நீங்களாக எழுதிவிடாதீர்கள். சில நேரம் கரைச்சல் வெறும் கரைச்சல்தான். நாளைக்கு அவளிடம் வேறு ஒருவர் கேட்டு அவள் இல்லையென்றால், அதுவும் அவள் தலையில்தான் விழும். நான் கேட்பது சின்ன விஷயம். இந்தச் சொல் தமிழில் பல பொருளில் வரும், எந்தப் பொருளில் சொல்கிறார் என்று இவரிடம் கேட்கலாமா என்று அதிகாரியைப் பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் தொழில் விதிகள் இதற்கு இடம் கொடுக்கின்றன. அதிகாரி கேட்கட்டும், அவள் சொல்லட்டும், சொல்லாமல் விடட்டும். அவளுக்கு அந்தச் சந்தர்ப்பம் கிடைத்ததா என்பதுதான் எனக்கு வேண்டும்.

2024 மார்கழியில் முள்ளிவாய்க்கால் கடலில் ரோஹிங்கியா மக்கள் படகொன்று தத்தளித்தது நினைவிருக்கும். நூற்றுக்கு மேற்பட்ட ஆட்கள், 25 பேர் குழந்தைகள் என்று செய்தியில் சொன்னார்கள். கடற்படை அவர்களைத் திருகோணமலைக்குத்தான் கொண்டுவந்தது. எங்கள் ஊர்ச் சனம் உடுப்பும் சாப்பாடும் கொண்டு ஓடியது. எல்லாம் கொடுத்தோம், ஒரு சொல் கொடுக்க ஆளில்லை. எங்கே போகப் புறப்பட்டார்கள் என்பதைக்கூட மொழிச் சிக்கலால் விளங்கிக்கொள்ள முடியவில்லை என்று கடற்படையே சொன்னது. அந்தப் படகில் இருந்த பெண்கள் என்னென்ன கடந்து வந்தார்களோ, யாரிடம் என்னவென்று சொல்வார்கள்? இலங்கை அந்த 1951 உடன்படிக்கையில் கையெழுத்து வைத்த நாடும் இல்லை. உலகம் முழுக்க அகதியாகப் போன சனத்தின் நாடு, வந்தவர்களை அகதி என்று சட்டத்தில் சொல்ல வழியில்லாமல் நிற்கிறது. அது வேறு ஒரு மடல், வேறு ஒருவருக்கு எழுத வேண்டியது. அன்றைக்கு எனக்கு உங்கள் நினைவுதான் வந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் இருக்கிறீர்கள் என்று கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. மாசியில் அந்தக் கடிதம் வாசிக்கும்வரை.

குறையாகவே சொல்லிக்கொண்டு போகிறேன், நல்லதும் ஒன்று தெரியும். நிலாவெளிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, இரண்டாம் முறை நேர்காணலுக்குப் போனபோது மொழிபெயர்க்க வந்தது இருபத்து மூன்று இருபத்து நான்கு வயதுப் பிள்ளை. அங்கேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் அரைகுறை. இவளுக்கு உள்ளுக்குள் ஏமாற்றமாம், இது என்ன மொழிபெயர்க்கப் போகுது என்று. "கரைச்சல் குடுத்தவங்கள்" என்று இவள் சொன்னதும் அந்தப் பிள்ளை நிறுத்தியிருக்கிறாள். அதிகாரியிடம் ஏதோ சொல்லிவிட்டு இவள் பக்கம் திரும்பி, "சொறி அக்கா, எனக்கு அந்த வேர்ட் தெரியாது. கரைச்சல் என்டா என்ன? அவங்க என்ன செய்தவங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

பதினொரு வருடத்தில் தன்னிடம் அதை முதன்முதலாகக் கேட்ட ஆள் அவள்தான் என்று இவள் எனக்குச் சொன்னாள். கேட்டவுடன் சொல்லவில்லை, தண்ணீர் கேட்டாள். பிறகு சொன்னாள். ஒன்றரை மணித்தியாலம்.

மூதூர் அம்மா வருகிற புதன்கிழமை திரும்ப வருவார், மேன்முறையீட்டுக்கு விதானையாரின் கடிதமும் கிளினிக் கொப்பியும் மொழிபெயர்க்க வேண்டும். மகளுக்குப் புதுத் திகதி கொடுத்திருக்கிறார்கள். அந்த அறையில் அவள் பக்கத்தில் உட்காரப் போவது உங்களில் யாரோ ஒருவர்.

இப்படிக்கு,
திருகோணமலையிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர்